விறகு ஒரு சாக்கு!

(‘நட்பை வளர்ப்பது விருந்தா? வேலையா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘வேலையே!’ என்ற அணியில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய அம்மா விருந்தைப் பற்றிப் பேசினாங்க. பேசினாங்கன்னு சொல்லக்கூடாது, பரிமாறினாங்க! அவியலைப் பற்றிச் சொல்லும்போது நடுவர் ஐயா கண்ணை மூடிட்டார். தீர்ப்பைத்தான் யோசிக்கிறார்னு நெனச்சேன். பக்கத்துல போய்ப் பார்த்தா, மனுஷன் இலை போட்டு உட்கார்ந்திருக்கார்! (சிரிப்பு)

நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். போன வருஷம் எத்தனை கல்யாணத்துல சாப்பிட்டிருப்பீங்க? பத்து? பதினஞ்சு? பக்கத்து இலையில உட்கார்ந்து சாப்பிட்ட ஒருத்தர் பேரைச் சொல்லுங்க பார்ப்போம். சொல்ல முடியாது. எப்படி முடியும்? நாம முதல் வாய் சோறு எடுக்கும்போதே, பின்னாடி ஒருத்தர் நம்ம நாற்காலி முதுகைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரே! (சிரிப்பு, கைதட்டல்)

ஆனா சின்ன வயசுல உங்களோட சேர்ந்து பந்தக்கால் நட்டவன், நின்னுபோன பஸ்ஸைத் தள்ளினவன், வெள்ளத்துல பக்கத்து வீட்டு நெல் மூட்டையைத் தூக்கினவன், இவங்க பேரு மறக்குமா? முப்பது வருஷம் கழிச்சுப் பார்த்தாலும், “டேய், நீயாடா!”ன்னு கட்டிப்புடிப்பான். இலை பக்கத்துல இருந்தவன் மறந்து போறான், தோள் பக்கத்துல இருந்தவன் மறக்கிறதில்லை.

திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஒரு அதிகாரம் வச்சார்னு அம்மா சொன்னாங்க. உண்மை. நான் மறுக்கலை. ஆனா நட்புன்னா என்னன்னு சொல்ல வரும்போது அந்த மகான் எதைச் சொன்னார்? சாப்பிடுற கையையா சொன்னார்? இல்லீங்க. ஆடை நழுவும்போது, யாரும் சொல்லாமலே ஓடிப்போய்ப் பிடிக்கிற கையைச் சொன்னார். அது பந்தியில உட்கார்ந்திருக்கிற கை இல்லை. வேலை செய்யுற கை! (கைதட்டல்)

இதை நான் நூலிலே படிச்சவன்தான். கண்ணாலே பார்த்தது, உலகத்தின் வடகோடியிலே, நார்வே நாட்டிலே.

சில ஆண்டுகளுக்கு முன்னால அங்கே வாழுற ஈழத்தமிழ் உறவுகள் சித்திரைப் புத்தாண்டு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தாங்க. விழா முடிஞ்சதும் ஒரு அன்பர் தன் வீட்டுக்கு அழைச்சிட்டுப் போனார். தலைநகர் ஓஸ்லோவிலிருந்து வடக்கே ஏறக்குறைய 180 கிலோமீட்டர், லில்லெஹாம்மர் பக்கம். 1994ல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். ஏப்ரல் மாசம். நமக்கு இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும். அங்கே வேலியோரத்துல இன்னும் பனி கெடக்குது.

ராத்திரி அவர் சொல்றார்: “ஐயா, நாளைக்குச் சனிக்கிழமை. நாங்கள் சிநேகிதர் எல்லாரும் சேர்ந்து விறகு கொத்தப் போறம். வருசா வருசம் செய்யிறது. நீங்களும் வாறியளோ?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது! நாம ‘விறகு வெட்டுறது, உடைக்கிறது’ன்னு சொல்றதை அவங்க ‘கொத்துறது’ன்னு சொல்லுவாங்க. சொல்லு எதுவா இருந்தா என்ன? எங்க வாத்தியார் படிக்காத பயல்களை, “நீ விறகு வெட்டத்தாண்டா லாயக்கு”ன்னு திட்டுவார். அதுக்குப் பயந்து பயந்து படிச்சு, முனைவர் பட்டமும் வாங்கி, விமானம் ஏறி நார்வேக்குப் போனா, அங்கேயும் விறகு வெட்டக் கூப்பிடுறாங்கய்யா! (பலத்த சிரிப்பு)

கேட்டேன்: “ஏன் தம்பி, இங்கே கரண்ட் கிடையாதா?” அவர் சிரிச்சார். அந்த நாட்டுல மலையும் அருவியும் கொட்டிக் கிடக்கு. மின்சாரம் பெரும்பாலும் நீர் மின்சாரம். வீடுகளைச் சூடாக்குறதும் பெரும்பாலும் மின்சாரத்தாலதான். விறகு அதுக்குத் துணை. புயல்ல கம்பி அறுந்தா, கட்டணம் ஏறினா கைகொடுக்கும். அப்படியே விறகு வேணும்னாலும், பெட்ரோல் பங்க்ல 40 லிட்டர், 60 லிட்டர்னு சாக்குல கட்டி விக்கிறான். காசைக் கொடுத்துட்டுக் கார்ல போட்டுக்கிட்டு வந்துடலாம். அப்ப இவங்க எதுக்கு ஒண்ணு கூடுறாங்க?

அடுத்த நாள் போய்ப் பார்த்தேன். ஒரு வீட்டு முற்றம். ஒன்பது பேர். ஒருத்தர் லாரி ஓட்டுறவர். ஒருத்தர் பொறியாளர். ஒரு பள்ளி ஆசிரியை, அவங்க மகன். அப்புறம் நம்ம தமிழ் அன்பர். இதெல்லாம் எனக்குப் பிறகு சொன்னதுங்க. பார்த்தா யாரு பெரியவர், யாரு சின்னவர்னு தெரியலை. எல்லார் கையிலயும் ஒரே மாதிரி உறை, எல்லார் தலையிலயும் ஒரே மரத்தூள்!

மரம் பேரு பிர்ச். வெள்ளைப் பட்டை உள்ள மரம். பனிக்காலத்துல வெட்டிப் போட்டதை, முழங்கை நீளத்துக்குக் குறைவா அறுத்துத் துண்டு போட்டிருந்தாங்க. ஒருத்தர் துண்டை உருட்டிக் கொண்டு வர்றார். ரெண்டு பேர் கோடாலி போடுறாங்க. பிள்ளைங்க பொறுக்கிக் கொடுக்குது. மத்தவங்க கொட்டகையோரமா வரிசை பிடிச்சு அடுக்குறாங்க. அதுக்கு ஒரு அளவும் வச்சிருக்காங்க. 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரம், 60 சென்டிமீட்டர் ஆழம். அந்தக் குவியலுக்கு ‘ஃபாவ்ன்’னு பேரு. தனி ஆள் செஞ்சா நாள்கணக்காகும். ஒன்பது பேர் கை வச்சா சாயங்காலத்துக்குள்ள ஒரு சுவரே எழுந்து நிக்குது.

ஏன் ஏப்ரல்? அதுலதாங்க சூட்சுமம் இருக்கு. பச்சை மரத்துல ஏறக்குறையப் பாதி எடை தண்ணி. அந்த ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாத்தான் விறகு புகையாம எரியும். இப்பப் பிளந்து அடுக்கினா, கோடை முழுக்கக் காத்தும் வெயிலும் பட்டு, குளிர் வரும்போது தயாரா இருக்கும். அதுலயும் இந்த பிர்ச் மரம் இருக்கே, அதன் பட்டை தண்ணியை வெளிய விடாது. முழுக்கட்டையா விட்டா, வெளியே பளபளன்னு வெள்ளையா இருக்கும், உள்ளே இத்துப் போயிடும். பிளந்தாத்தான் காயும்.

நடுவர் அவர்களே, மனுஷனும் அப்படித்தானே? மூடிக்கிட்டே இருக்கிறவன் வெளியில பளபளன்னுதான் இருப்பான். உள்ளே இத்துக்கிட்டிருப்பான். அவனைத் திறக்க ஆள் வேணும். (கைதட்டல்)

அந்த நாட்டுக்காரங்க லேசுல வாய் திறக்க மாட்டாங்க. என்னை அழைச்சிட்டுப் போன அன்பர் சொன்னார்: “ஐயா, நான் இஞ்ச வந்து ஆறு வருசம் பக்கத்து வீட்டுக்காரரோட ‘ஹெய்’ எண்டு ஒரு சொல்லுத்தான் கதைச்சனான். ஒரு நாள் அவர் வந்து கதவைத் தட்டினார். ‘சனிக்கிழமை விறகு கொத்துறம். எங்களுக்கு ஆள் காணாது, உன்னாலை வர ஏலுமோ?’ எண்டு கேட்டார். அண்டைக்குத்தான் ஐயா நான் இந்த ஊர்க்காரன் ஆனனான்.”

கவனிங்க, எதிரணி நண்பர்களே! அந்த மனிதர் வந்து, “எங்க வீட்டுக்கு விருந்துக்கு வா”ன்னு கூப்பிட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? நல்லா உபசரிச்சிருப்பார். இவரும் நல்ல சட்டை போட்டுக்கிட்டுப் போய், முள்கரண்டியை எந்தக் கையில பிடிக்கிறதுன்னு முழிச்சிட்டு, நன்றி சொல்லிட்டு வந்திருப்பார். விருந்தாளியாப் போய் விருந்தாளியாவே திரும்பியிருப்பார். ஆனா, “உன்னால ஒரு உதவி ஆகணும்”னு கேட்டார் பாருங்க, அந்த நிமிஷம் அகதியா வந்த மனுஷன் அடுத்த வீட்டுக்காரன் ஆனான்! விருந்துக்கு அந்நியனைக் கூப்பிடலாம். வேலைக்கு நம்மவனைத்தான் கூப்பிடுவோம். (பலத்த கைதட்டல்)

அந்த ஒன்பது பேர்ல ஒரு பெரியவர். எண்பதைத் தாண்டினவர். மனைவி காலமாகிவிட்டார். பிள்ளைகள் வேற ஊர்ல. கோடாலி தூக்க உடம்பு இடம் கொடுக்காது. அதுக்காக, “நீங்க வீட்டுல இருங்க”ன்னு சொல்லலை. ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வச்சிருந்தாங்க. அடுக்கு நேரா வருதான்னு பார்க்கிறது அவர் பொறுப்பு. ஒரு கட்டை துருத்திக்கிட்டு இருந்தா கைத்தடியால தட்டிக் காட்டுவார். அதை உருவி மறுபடி அடுக்கணும். வேர்வை சிந்தாம உட்கார்ந்த இடத்துலயே தீர்ப்புச் சொல்ற வேலை. நம்ம நடுவர் ஐயா மாதிரி! (பலத்த சிரிப்பு)

அந்த முற்றமே அவரோடதுதான். அவருக்குத்தான் விறகு. நம்ம அன்பர் என் காதோட சொன்னார்: “ஐயா, அவற்ரை வீட்டிலை சூடாக்கிற மெஷின் இருக்கு. கொட்டிலுக்குள்ளை ரெண்டு வருசத்து விறகு அப்பிடியே கிடக்கு.” எனக்கு விளங்கலை. அப்புறம் எதுக்கு ஒவ்வொரு பனிக்காலத்துலயும் மரம் வாங்கி முற்றத்துல போடுறார்? கேட்டுச் சொல்லுங்கன்னேன். அன்பர் அவங்க மொழியில கேட்டார். பெரியவர் சிரிச்சார். ஒரே வரிதான் சொன்னார். அன்பர் தமிழ்ல சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்துது.

“விறகு முடிஞ்சால் கடையிலை வாங்கலாம். உங்களை எந்தக் கடையிலை வாங்கிறது?”

(அரங்கம் அமைதியாகிறது, பின் நீண்ட கைதட்டல்)

ஐயா, பெட்ரோல் பங்க்ல விறகைச் சாக்குல விக்கிறான். இவருக்கு விறகே ஒரு சாக்கு! நண்பர்களை வரவழைக்க ஒரு சாக்கு. “வாங்க, தனியா இருக்கேன்”னு சொல்ல எந்த ஆம்பளைக்கும் வாய் வராது. “வாங்க, வேலை இருக்கு”ன்னு சொல்லலாம். அந்த ஒரு வார்த்தையில மானமும் இருக்கு, பாசமும் இருக்கு.

இன்னொண்ணும் பார்த்தேன். நேருக்கு நேர் உட்கார வச்சா பேசாத மனுஷங்க, பக்கத்துல பக்கத்துல நின்னு கட்டை அடுக்கும்போது பேசுறாங்க. கண்ணு கட்டைமேல இருக்கும், வாய் மனசுல இருக்கிறதைச் சொல்லும். விருந்துல பேசத் தெரிஞ்சவன்தான் ராஜா. பேசத் தெரியாதவன் ஊறுகாய் மாதிரி இலை ஓரத்துல கிடப்பான். வேலையில அவனுக்கும் இடம் இருக்கு. பேச வேணாம், கட்டையை வாங்கி வச்சாப் போதும். அவனும் கூட்டத்துல ஒருத்தன்.

வேலை முடிஞ்சதும் காபி வந்தது, சுட்ட இறைச்சி வந்தது, எனக்காக வாஃபிள்னு ஒரு பலகாரம் வந்தது. உடனே எதிரணித் தம்பி, “பார்த்தீங்களா, அங்கேயும் சாப்பாடு!”ன்னு எழுந்திருக்கப் பார்க்கிறார். உட்காருங்க தம்பி! நாங்க சாப்பாட்டுக்கு எதிரி இல்லை. உழைச்ச கையால எடுத்துச் சாப்பிடுறதுக்கும், மொய்க் கவரைக் கொடுத்துட்டுச் சாப்பிடுறதுக்கும் வித்தியாசம் உண்டா இல்லையா? (கைதட்டல்)

இப்படிச் சேர்ந்து வேலை செய்யுறதுக்கு அவங்க மொழியில ‘டுக்னாட்’னு ஒரு சொல் இருக்கு. உதவின்னு பொருள்படுற பழைய சொல். 2004ல ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில, எங்க நாட்டுக்கே அடையாளமான சொல் இதுதான்னு மக்கள் தேர்ந்தெடுத்தாங்க. அடுக்குமாடிக் குடியிருப்புல வசந்த காலத்துல எல்லாரும் கீழே இறங்கிக் குப்பை வாருறாங்களே, அதுவும் டுக்னாட்தான். 2020 மார்ச்சுல கொரோனா வந்தப்போ அந்நாட்டுப் பிரதமர் மக்கள்கிட்ட கேட்டதும் இந்த டுக்னாட்டைத்தான். ஆபத்து வரும்போது ஒரு நாடு எந்தச் சொல்லைத் தேடுது பாருங்க! ‘வாங்க சாப்பிடலாம்’ங்கிற சொல்லையா? ‘வாங்க கை கொடுக்கலாம்’ங்கிற சொல்லையா?

விறகுமேல அவங்களுக்கு இருக்கிற பிரியத்தைச் சொன்னா நம்ப மாட்டீங்க. 2011ல லார்ஸ் மிட்டிங்னு ஒரு எழுத்தாளர், மரத்தை எப்படி வெட்டுறது, பிளக்கிறது, அடுக்குறது, காய வைக்கிறதுன்னு ஒரு புத்தகமே எழுதினார். அது சக்கைப்போடு போட்டுது! அதை வச்சு 2013 பிப்ரவரியில அரசுத் தொலைக்காட்சியில 12 மணி நேரம் விறகு நிகழ்ச்சி. கொஞ்ச நேரம் பேச்சு, மீதி நேரம் முழுக்க அடுப்புல விறகு எரியறதை நேரடி ஒளிபரப்பு! ஏறக்குறைய 50 லட்சம் பேர் உள்ள நாட்டுல 10 லட்சம் பேர் வரைக்கும் எட்டிப் பார்த்திருக்காங்க. நம்ம தொடர் நாடகத்துலயும் இதே கதைதான். ஆனா அங்கே எரியுறது விறகு, இங்கே எரியுறது மருமக வயிறு! (பலத்த சிரிப்பு)

அந்த நிகழ்ச்சிக்குக் குறுஞ்செய்தியில புகார் வந்ததாம், சுமார் அறுபது. என்ன புகார்? பாதிப் பேர், “விறகைப் பட்டை மேலே பார்க்க அடுக்கியிருக்கீங்க, தப்பு”ன்னாங்க. மீதிப் பாதி, “பட்டை கீழே பார்க்க அடுக்கியிருக்கீங்க, தப்பு”ன்னாங்க! நடுவர் அவர்களே, அடுத்த பட்டிமன்றத்துக்கு நார்வேக்கு டிக்கெட் போட்டுடலாம். தலைப்பு தயார்! (சிரிப்பு, கைதட்டல்)

இப்ப எதிரணி ஒரு நியாயமான கேள்வி கேட்கும். “ஐயா, நம்ம அம்மாமார் விறகு சுமந்து கழுத்து வலிச்சு, புகையில கண்ணைக் கசக்கினது போதாதா? மறுபடி விறகு அடுப்புக்குப் போகச் சொல்றீங்களா?” இல்லை தாயே, இல்லை! கேஸ் அடுப்பு வந்தது பெரிய புண்ணியம். நார்வேயிலயே 1998க்குப் பிறகு வந்த புது அடுப்புக்கெல்லாம் புகைக் கட்டுப்பாடு உண்டு. நான் கேட்கிறது அடுப்பை இல்லை. அடுப்போட போன கூட்டத்தை!

இன்னொண்ணையும் மறைக்காமச் சொல்லணும். நம்ம ஊர்லயும் சேர்ந்து விறகு உடைச்சாங்க. ஆனா எல்லா இடத்துலயும் எல்லாரும் சமமாவா உடைச்சாங்க? ஒருத்தன் உடைப்பான், ஒருத்தன் திண்ணையில உட்கார்ந்து, “அந்தக் கணுவைப் பார்த்துப் போடுடா”ன்னு அதிகாரம் பண்ணுவான். கூலி கொடுக்காம வாங்கின வேலைக்கு ‘வெட்டி’ன்னே பேரு வச்சிருந்தோம். அதை நான் நட்புன்னு சொல்ல வரலை. வீட்டுக்காரனும் கோடாலி பிடிக்கணும், வந்தவனோட ஒரே வரிசையில உட்கார்ந்து சாப்பிடணும், நாளைக்கு அவன் வீட்டுக்கு இவன் போகணும். இந்த மூணும் இருந்தாத்தான் அது சேர்ந்து செய்யுற வேலை. இல்லைன்னா அது சுரண்டல்! (நீண்ட கைதட்டல்)

அந்த மூணும் நம்மகிட்ட இருந்த இடங்களும் உண்டு. கல்யாணம்னா பத்து நாளைக்கு முன்னாடியே மாமன் மச்சான், கூட்டாளி எல்லாரும் வந்து பட்டுப்போன புளிய மரத்தைச் சாய்ச்சு விறகாக்குவாங்க. புளி லேசுல பிளக்காது. ஆப்பை வச்சு அடிப்பாங்க. அன்னிக்கு ஆப்புன்னா மரத்துக்கு வைக்கிறது. இன்னிக்கு நாம ஒருத்தருக்கொருத்தர் வைக்கிறது! (பலத்த சிரிப்பு) கோடை வந்தா மொட்டை மாடியில தெருப் பெண்கள் எல்லாம் கூடி வடகம் போடுவாங்க. கூழ் கிளறுறது ஒருத்தர், பிழியுறது ஒருத்தர், காக்கா விரட்டுறது ஒரு பாட்டி. அந்தப் பாட்டி சும்மா வீட்டுல கிடக்கலை. அவங்களுக்கும் ஒரு உத்தியோகம் இருந்துச்சு!

இன்னிக்கு? விறகுக்கு கேஸ். சமையலுக்கு ஒப்பந்தக்காரர். பந்தலுக்கு ஒப்பந்தக்காரர். வாசல்ல நின்னு கும்பிடுறதுக்கும் ஆள் வந்தாச்சு! வடகம் பாக்கெட்ல வருது. யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. “நாங்க யாரையும் தொந்தரவு பண்ண மாட்டோம்”னு பெருமையாச் சொல்றோம். அதுல எனக்கு ஒரு பயம் இருக்குங்க. நாம யாரையும் எதுவும் கேட்கலைன்னா, நம்மையும் யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க. யாரும் எதுவும் கேட்காத மனுஷன், எவ்வளவு வசதியா இருந்தாலும், தான் யாருக்கும் தேவையில்லைன்னு நெனச்சிடுவான். நம்ம அடுக்குமாடி வீடுகள்ல, பிள்ளைகள் வெளிநாட்டுல இருக்க, தனியா உட்கார்ந்திருக்கிற பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க. அவங்களுக்குச் சோறு குறையில்லை. ‘கொஞ்சம் இதைப் பிடிங்க’ன்னு சொல்ல ஒரு ஆள் இல்லை.

குளிர் நாட்டுல ஒரு பேச்சு உண்டு. விறகு இரண்டு தடவை சூடு தரும், வெட்டும்போது ஒரு தடவை, எரியும்போது ஒரு தடவைன்னு. அந்தப் பெரியவர் முற்றத்துல நான் மூணாவது சூட்டைப் பார்த்தேன். அது மனுஷன் பக்கத்துல மனுஷன் நிக்கிற சூடு. அதுக்கு மரம்கூட வேண்டியதில்லை.

ஆகவே, இதைப் பார்த்துக்கிட்டிருக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வேண்டுகோள். வருஷத்துல ஒரு நாளைக் குறிச்சு வையுங்க. குடியிருப்பு முற்றத்தைச் சுத்தம் பண்ணுங்க. தெருவோரம் நட்ட மரக்கன்னுக்குப் பாத்தி கட்டுங்க. படிச்ச பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிங்க. ஒண்ணுமே இல்லையா? நாலு வீடு சேர்ந்து வடகம் போடுங்க! பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, “சாப்பிட வாங்க”ன்னு சொல்லாதீங்க. “ஒரு கை குறையுது, வர்றீங்களா?”ன்னு கேளுங்க. முக்கியமா அந்தக் காக்கா விரட்டுற பாட்டிக்கு நாற்காலி போட்டு வையுங்க.

இலை எடுத்தா விருந்து முடிஞ்சு போகும். சேர்ந்து அடுக்கின அடுக்கு அடுத்த வருஷம் வரைக்கும் நிக்கும். ஆகவே நடுவர் அவர்களே, கண்ணை நல்லாத் திறந்து வச்சுக்கிட்டு, அவியலை மறந்துட்டு, நட்பை வளர்ப்பது வேலையே, வேலையே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு விடைபெறுகிறேன்.

(நீண்ட கைதட்டல்)